பூமியைச் சங்கிலியால் அளந்த துரை

கட்டபெட்டு, நீலகிரி மலையில் உள்ள ஒரு சிறிய ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் குன்னூருக்கும் போகிற சாலைகள் இங்கேதான் பிரிகின்றன.

கோடை சீசன் வந்துவிட்டால் இந்த ஊர் வழியே வெளியூர்க் கார்கள் வரிசை வரிசையாகப் போகும். அந்தக் காலத்தில் கார்க்காரர்கள் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி வழி கேட்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கைபேசியைப் பார்க்கிறார்கள். அதில் ஒரு நீலக்கோடு ஓடுகிறது. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று ஒரு குரல் சொல்லுகிறது. வண்டி திரும்புகிறது.

கைபேசிக்கு இந்த மலையும் பள்ளமும் எப்படித் தெரியும்? இந்த வளைவு இத்தனை தூரத்தில் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஆகாயத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் சொல்லுகின்றன என்று பிள்ளைகள் பதில் சொல்லுவார்கள். அது சரிதான். ஆனால் இந்தக் கதை ஆகாயத்தில் தொடங்கவில்லை. சென்னைப் பரங்கிமலையின் அடிவாரத்தில், வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தை ஒட்டி, ஓர் இரும்புச் சங்கிலியில் தொடங்கியது. ஆண்டு 1802.

அந்தச் சங்கிலியைப் பிடித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர். பெயர் வில்லியம் லாம்டன். அவருடைய கதையை இந்த வாரம் பார்ப்போம்.

ஏழை வீட்டுப் பிள்ளை

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். 1753ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார் என்பார்கள். வசதி இல்லாத குடும்பம். ஆனால் பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. கணக்குத்தான் அவரைக் காப்பாற்றியது.

பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவில் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே போனார். 1781இல் யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலேயப் படை தோற்றுச் சரணடைந்தது. லாம்டனும் கைதியானார்.

விடுதலையான பிறகு கனடா நாட்டுப் பக்கம் வேலை கிடைத்தது. எல்லைகளை அளக்கும் வேலை. குளிரும் காடும் நிறைந்த அந்த ஊரில் அவருக்குத் துணை புத்தகங்கள்தான். இரவெல்லாம் கணக்குப் புத்தகங்களைப் படித்தார். பூமியின் வடிவம் என்ன, அதை எப்படி அளப்பது என்பதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு சூரிய கிரகணத்தைப் புகை பிடித்த கண்ணாடி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்ததால் ஒரு கண்ணின் பார்வை கெட்டுப் போயிற்று.

இப்படியே பல வருஷம் கழிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் இந்தியாவுக்கு வந்தார். வேறு யாராக இருந்தாலும் பென்ஷனைப் பற்றி நினைக்கிற வயது. லாம்டனுக்கோ வாழ்க்கையே அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

நட்சத்திரம் காட்டிய வழி

லாம்டன் இருந்த பட்டாளத்தின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் பிரபு என்று பெயர் பெற்று, வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்றவர் இவர்தான். குன்னூருக்கு அருகில் உள்ள வெல்லிங்டனுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1799ஆம் ஆண்டு. திப்பு சுல்தானுடன் கடைசிப் போர். ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியிருந்தது. ஓர் இரவு, பேர்ட் என்ற ஜெனரலின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. விளக்கு இல்லை. வழி காட்ட ஆள் இல்லை. எல்லோரும் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து நடந்தார்கள்.

லாம்டன் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நடந்தார். நட்சத்திரங்கள் இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. படை திசை மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அது தன் கூடாரத்தை நோக்கிப் போகவில்லை. நேராகத் திப்புவின் பாசறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது!

லாம்டன் ஓடிப்போய் ஜெனரலிடம் சொன்னார். ஜெனரலுக்குக் கோபம் வந்தது. ஒரு சாதாரண அதிகாரி தனக்கு வழி சொல்லுவதா என்று நினைத்தார். கடைசியில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் சொன்னதுதான் உண்மை. படை திரும்பியது. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

வழி தெரிவது சிறிய விஷயம் அல்ல என்று அன்று இரவு பலருக்குப் புரிந்தது.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தேசத்தைத் துல்லியமாக அளக்கவேண்டும் என்பது திட்டம். வெல்லெஸ்லி பரிந்து பேசினார். சென்னை சர்க்கார் சம்மதித்தது.

இதில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. கும்பெனி சர்க்கார் நம் ஜனங்களின் நன்மைக்காகச் சம்மதிக்கவில்லை. புதிதாகப் பிடித்த சீமைகளில் வரி வசூலிக்கவும், பட்டாளத்தை நடத்திப் போகவும் அதற்கு வரைபடம் வேண்டியிருந்தது. லாம்டனுக்கோ பூமியின் அளவு வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

சீனத்து ராஜா வேண்டாம் என்ற சங்கிலி

அளப்பதற்குச் சங்கிலி வேண்டும். லாம்டனுக்குக் கிடைத்த சங்கிலிக்கே ஒரு கதை உண்டு.

1793இல் இங்கிலாந்து ராஜா சீனச் சக்கரவர்த்திக்குப் பல பரிசுகளை அனுப்பினார். அவற்றுள் உருக்கினால் செய்த ஒரு சங்கிலியும் இருந்தது. நீளம் 100 அடி. சீனச் சபையில் அதை யாரும் மதிக்கவில்லை. பரிசோடு போன டின்விடி என்ற விஞ்ஞானி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து அது லாம்டனின் கைக்கு வந்தது. ஒரு சக்கரவர்த்தி வேண்டாம் என்று தள்ளிய சங்கிலி இந்தியாவை அளக்க வந்தது!

கோணம் அளக்கும் பெரிய கருவிக்கு இன்னொரு கதை. அதன் பெயர் தியோடலைட். லண்டனில் செய்தது. எடை சுமார் அரை டன். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து, மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு கவர்னர், இது ஆயுதம் அல்ல, விஞ்ஞானக் கருவி என்று அறிந்தார். போர் நடக்கிற காலமாக இருந்தும், மரியாதையோடு அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். எதிரியிடமும் பெருந்தன்மை இருந்தது.

ஏழரை மைலுக்கு 57 நாள்

1802 ஏப்ரல் 10ஆம் தேதி வேலை ஆரம்பமாயிற்று. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை நேர்கோடாக ஏழரை மைல். இதை அளக்க எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? 57 நாள்!

ஏன் இத்தனை நாள்? வெயிலில் உருக்கு நீளும். நிழலில் சுருங்கும். அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தினார்கள். மேலே கூடாரம் போட்டார்கள். பக்கத்தில் உஷ்ணமானிகளை வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் உஷ்ணத்தைக் குறித்து, நீளத்தைத் திருத்தினார்கள். பிறகு சங்கிலியைத் தூக்கி அடுத்த 100 அடிக்குக் கொண்டுபோனார்கள். இப்படி ஏறத்தாழ 400 தடவை!

இவ்வளவு பாடு எதற்கு? இந்த ஒரு கோடுதான் அஸ்திவாரம். அஸ்திவாரம் கோணினால் வீடு முழுவதும் கோணும்.

இதன் கணக்கு எளிது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடப் புரிந்துகொள்ளலாம். ஒரு முக்கோணம் போடுங்கள். அதன் ஒரு பக்கத்தின் நீளம் தெரியும். அந்தப் பக்கத்தின் இரு முனைகளிலும் நின்று, தூரத்தில் தெரியும் குன்றைப் பார்த்துக் கோணம் அளக்கவேண்டும். அவ்வளவுதான். மற்ற இரண்டு பக்கங்களின் நீளமும் கணக்கில் வந்துவிடும். அந்தக் குன்றுக்கு நடந்து போகவேண்டாம். சங்கிலி பிடிக்கவேண்டாம்.

பிறகு அந்தப் புதிய பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம், கோலம் போடுவதுபோல் முக்கோணங்கள் தேசத்தின் மேல் படர்ந்தன. ஆங்காங்கே மறுபடியும் சங்கிலி போட்டுக் கணக்கைச் சரிபார்த்தார்கள். அப்படி ஒரு அடிக்கோட்டைக் கோயம்புத்தூர்ச் சீமையிலும் போட்டார்கள்.

காணாமல் போன நாற்பது மைல்

லாம்டனின் முக்கோணங்கள் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பெங்களூர் வழியாக மங்களூர்க் கடற்கரையை எட்டின. கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

அதுவரை இருந்த படங்களில் இரண்டு கடற்கரைகளுக்கும் இடையே தூரம் 400 மைல். லாம்டனின் கணக்கில் 360 மைல்தான். நாற்பது மைல் அகலத்துக்குத் தேசம் காணாமல் போய்விட்டது! நிலத்தை யாரும் திருடவில்லை. பழைய படங்கள்தான் தப்பு.

அப்போதும் சென்னையில் எல்லோரும் பாராட்டவில்லை. செலவுக் கணக்கைப் பார்த்த பெரிய அதிகாரி ஒருவருக்கு இது வீண் செலவாகப் பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டும் என்றால் பல்லக்குத் தூக்குகிறவர்களின் தலைவனிடம் சொன்னால் போதுமே, அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவானே, லாம்டனின் படம் எதற்கு என்று அவர் கேட்டார்.

இது கேலிதான். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. பல்லக்குத் தலைவனுக்குப் பாதை தெரியும். எந்த ஆற்றில் எந்த மாதம் வெள்ளம் வரும், எந்தச் சத்திரத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் தெரியும். லாம்டனின் கணக்குக்கு அவை தெரியாது.

ஆனால் பல்லக்குத் தலைவனுக்குத் தான் நடந்த பாதை மட்டும்தான் தெரியும். நடக்காத பாதையைச் சொல்ல முடியாது. அவன் இறந்தால் அவன் அறிவும் அவனோடு போய்விடும். காகிதத்தில் ஏறிய அளவு அப்படிப் போகாது. நாளைக்கு ரோடு போடுகிறவனுக்கும், கால்வாய் வெட்டுகிறவனுக்கும், ரயில் விடுகிறவனுக்கும் அது உதவும். லாம்டன் வாதாடவில்லை. வேலையைச் செய்துகொண்டே போனார்.

பெரிய கோவிலில் நடந்த விபத்து

தஞ்சாவூர்ச் சீமையில் மலை கிடையாது. எங்கு பார்த்தாலும் வயலும் தென்னந்தோப்பும்தான். தூரத்தைப் பார்க்க உயரம் வேண்டுமே! லாம்டன் கோவில் கோபுரங்களை நாடினார்.

1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றினார்கள். கயிறு கட்டி மெதுவாக மேலே இழுத்தார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் போய் மோதியது. கருவியின் வட்டமான தகடு நெளிந்துவிட்டது.

எல்லோருக்கும் பேச்சு மூச்சு இல்லை. புதுக்கருவி லண்டனிலிருந்து வர வருஷக்கணக்கில் ஆகும். அதோடு லாம்டனின் வேலை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

லாம்டன் யாரையும் திட்டவில்லை. கருவியைப் பிரித்துக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார். ஆறு வாரம் அதனுடனேயே இருந்தார். வட்டம் எவ்வளவு இருக்கவேண்டுமோ அந்த அளவை வரைந்துகொண்டார். ஆப்பு வைத்தும், திருகாணி முறுக்கியும், சிறிது சிறிதாக இழுத்தும், நெளிந்த தகட்டை மறுபடி வட்டமாக்கினார். தட்டான் நகையைத் திருத்துவதுபோல் அந்தக் கிழவர் அந்தக் கருவியைத் திருத்தினார். அது மறுபடியும் வேலை செய்தது. பிறகும் பல வருஷம் உழைத்தது.

மலையிலே வந்த பாதை

இந்தக் காலத்தில் நீலகிரி எப்படி இருந்தது? மலையில் தோடர், கோத்தர், படகர் முதலிய மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஒற்றையடிப் பாதைகள்தான் இருந்தன. அவர்களுக்குப் படம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பாறையும் ஓடையும் அவர்களுக்குத் தெரியும். கீழே இருந்தவர்களுக்கோ மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

1812இல் கீஸ் என்ற அளவையாளர் மலை ஏறிப் பார்த்துக் குறிப்பு எழுதினார். 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஒரு பாதை வெட்டச் செய்தார். 1823இல் அது முடிந்தது. இடையில் 1821இல் வார்டு என்ற காப்டன் நீலகிரி முழுவதையும் அளந்து படம் வரைந்தார். பாதையும் படமும் ஒரே சமயத்தில் மலைக்கு வந்தன.

லாம்டனோடு உழைத்தவர்களையும் நினைக்கவேண்டும். சங்கிலி சுமந்தவர்கள், கொடி பிடித்தவர்கள், இரவில் மலை உச்சியில் விளக்கு ஏற்றி நின்றவர்கள், காடு வெட்டியவர்கள் எல்லோரும் நம் நாட்டுக் கூலி ஆட்கள். சென்னையில் அளவை படித்த பையன்களும் கூட இருந்தார்கள். காட்டுக் காய்ச்சலில் பலர் மாண்டார்கள். கருவிக்குப் பெயர் உண்டு. அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை.

கூடாரத்தில் முடிந்த வாழ்க்கை

லாம்டன் ஊருக்குத் திரும்பவே இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே நேராக ஒரு முக்கோண வரிசையை நகர்த்திக்கொண்டே போனார். 1818இல் அவருடைய வேலைக்கு இந்தியா முழுவதற்குமான பெரிய முக்கோண அளவை என்று பெயர் வந்தது. அதே ஆண்டு ஓர் இளைஞர் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

லாம்டனுக்கு வயது எழுபதை நெருங்கியது. மார்பு நோய் வந்தது. இருமலோடு வடக்கே பிரயாணம் செய்தார். 1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள ஹிங்கன்காட் என்ற இடத்தில் உயிர் பிரிந்தது. அதற்குள் அவரும் அவருடைய ஆட்களும் 1,65,000 சதுர மைலுக்கு மேல் அளந்திருந்தார்கள். பாதி இந்தியா மிச்சம் இருந்தது.

மிச்சத்தை எவரெஸ்ட் எடுத்துக்கொண்டார். 1841இல் அந்த வரிசை இமயமலை அடிவாரத்தை எட்டியது. சுமார் 1,500 மைல் நீளம்! பிறகு அந்த அளவைகளைக் கொண்டுதான் உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். கணக்குப் போட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். சிகரத்துக்கு வந்த பெயர் எவரெஸ்ட். அஸ்திவாரம் போட்ட லாம்டனின் பெயர் எந்தச் சிகரத்துக்கும் இல்லை.

எவரெஸ்ட் 1830இல் கொடுத்த பூமியின் அளவுக் கணக்கை வைத்துத்தான் இந்திய வரைபடங்கள் பல தலைமுறையாக வந்தன. பொதுமக்களுக்கான படங்களுக்கு 2005இல்தான் உலகப் பொதுக் கணக்கு வந்தது.

சங்கிலியிலிருந்து செயற்கைக்கோள்

இப்போது கைபேசிக்கு வருவோம். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் நாடும் நாவிக் என்ற பெயரில் சொந்தச் செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறது. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்துக் கைபேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

லாம்டன் கோணத்தை அளந்தார். கைபேசி நேரத்தை அளக்கிறது. தத்துவம் ஒன்றுதான். தெரிந்த இடங்களிலிருந்து தெரியாத இடத்தைக் கண்டுபிடிப்பது. அவருக்குக் குன்றும் கோபுரமும் அடையாளம். இதற்குச் செயற்கைக்கோள் அடையாளம். அவருக்கு வாரக்கணக்கில் பிடித்த காரியம் இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

மலைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். செயற்கைக்கோளின் செய்தி மலையிலும் கிடைக்கும். ஆனால் படம் இறங்குவதற்கு டவர் வேண்டும். பள்ளத்தாக்கில் டவர் போய்விடும். அப்போது திரையில் புள்ளி இருக்கும், ரோடு இருக்காது. அதனால் மேட்டுப்பாளையத்திலேயே படத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. படம் தூரத்தைச் சொல்லும், துன்பத்தைச் சொல்லாது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குக் குறுக்குவழி என்று அது காட்டும். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள செங்குத்தான இறக்கம். பழக்கம் இல்லாதவர்களுக்கு ஆபத்து. சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீசார் ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடே அடைபட்டுப் போகும். இதையெல்லாம் முதலில் அறிகிறவர் அந்த ஊர்க்காரர்தான்.

ஆக, அந்தச் சென்னை அதிகாரி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பல்லக்குத் தலைவனும் வேண்டும். லாம்டனும் வேண்டும். ஒருவர் பாதையை அறிந்தவர். மற்றவர் பூமியை அறிந்தவர். இருவரையும் மதிக்கிறவன் வழி தவறமாட்டான்.

லாம்டனின் கல்லறை ஹிங்கன்காட்டில் இருக்கிறது. பரங்கிமலையில் அவருக்கு ஒரு சிலையும் உண்டு. அந்த மலைக்குப் போகிறவர்கள் சற்று நின்று பெரும்பாக்கம் இருக்கும் திசையைப் பாருங்கள். இன்று அங்கே வீடுகளும் கட்டடங்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் ஊடேதான் அந்த ஏழரை மைல் கோடு போயிற்று. நூறு நூறு அடியாக, அவசரப்படாமல், ஒரு அங்குலம்கூடத் தவறக் கூடாது என்று ஒரு மனிதர் அதை அளந்தார். அவருடைய பொறுமைதான் இன்று நம்முடைய வழி.